குருணைக் கஞ்சி குடித்த பிள்ளை

சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் இருந்த அந்த ஜவ்வரிசி மில்லில் பிச்சைமுத்து என்று கூப்பிட்டால் யாரும் திரும்பமாட்டார்கள். பிச்சைமுத்துவே திரும்பமாட்டான். அவனுக்கு அங்கே ஆழாக்கு என்று பெயர். படி இருக்கிறது, உழக்கு இருக்கிறது, அதையெல்லாம் விட்டுவிட்டு இருப்பதிலேயே சின்ன அளவான ஆழாக்கைத் தேடிப் பிடித்து அவன் தலையில் கட்டினார்கள், படுபாவிகள். லாரிக்கு மூட்டை தூக்கிக்கொண்டு அவன் வந்தால், "டேய், மூட்டை தனியா நடந்து வருதுடா, ஆளக் காணோம்!" என்று மேலே நிற்பவன் கத்துவான். எல்லாரும் சிரிப்பார்கள். பிச்சைமுத்துவும் சிரிப்பான். சிரிக்காமல் என்ன செய்வது? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் மறுநாள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்து சொல்வார்கள்.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. நெட்டையன்கள் எல்லாம் பீடி பற்றவைக்க உட்கார்ந்தபிறகும் அவன் மூட்டை சுமந்துகொண்டிருப்பான். குடி கிடையாது. அந்த ஒரு தகுதியைக் கேட்டுத்தான் எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கூலிக்காரர் ஒருவர் தன் மூத்த மகள் கண்ணகியைக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள். கண்ணகி அவனைவிட ஒரு சாண் உயரம். மாலை மாற்றும்போது, "மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி போடுங்கப்பா" என்று கூட்டத்தில் எவனோ குரல் விட்டான். பந்தலே சிரித்தது. கண்ணகி மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் பிச்சைமுத்துவின் காதில் அந்தச் சிரிப்பு தங்கிவிட்டது. அன்றிலிருந்து தெருவில் அவன் பெண்டாட்டியோடு சேர்ந்து நடந்ததே இல்லை. பத்தடி முன்னால் போவான், அவசர வேலை இருப்பவன் மாதிரி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பையன் பிறந்தான். தெய்வசிகாமணி என்று பெயர் வைத்தார்கள். அது கண்ணகியின் தாத்தா பெயர். அவர் நெடுநெடுவென்று இருப்பாராம். பேரோடு சேர்ந்து உயரமும் வந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று பிச்சைமுத்துவுக்கு ஒரு நப்பாசை. பிள்ளையோ பிறக்கும்போதே நோஞ்சான். கண்ணகி வலி எடுத்த நாள்வரை மில் கொட்டகையில் உட்கார்ந்து ஜவ்வரிசிக்கு அரைக்கிற குச்சிக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள். அவள் வயிற்றுக்கே சரியாகப் போடவில்லை, உள்ளே இருக்கிற பிள்ளைக்கு எங்கிருந்து போகும்? ஆனால் அதையெல்லாம் அன்று யார் யோசித்தார்கள்!

பிள்ளை பால்குடி மறந்ததும் கஞ்சிதான். மில்லில் சலித்துக் கழித்த ஜவ்வரிசிக் குருணையை வேலைக்காரர்கள் மடியில் கட்டிக்கொண்டு போகலாம், மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார். அந்த வரிசை வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் அந்தக் கஞ்சியில்தான் கொஞ்சமாவது வளர்ந்தன. காய்ச்சி, ஒரு பிடி சர்க்கரை போட்டு ஆற்றினால் பாலாடை மாதிரி வழவழவென்று வெள்ளையாக நிற்கும். "பாலுக்கு இன்னாடி, இதுவும் பாலு மாதிரிதான வெளுப்பா இருக்குது? ஒடம்புக்கு குளுமை வேற" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் பாலாகிவிடுமா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. மற்ற வீடுகளில் கஞ்சியோடு கொஞ்சம் பருப்புச் சோறு, கருவாடு என்று பிள்ளை வாயில் போய்க்கொண்டிருந்தது. இந்த வீட்டில் கஞ்சி மட்டும்தான். அதைக் குடித்தால் தெய்வசிகாமணி வயிறு திம்மென்று நிறைந்து, படுத்தால் எழுந்திருக்கமாட்டான். கன்னமும் கொஞ்சம் உப்பலாக இருக்கும். சமத்துப் பிள்ளை என்று பெயர் எடுத்தான்.

கண்ணகி விடிந்ததும் கஞ்சியைக் காய்ச்சி வைத்துவிட்டுத் தோல் சீவப் போய்விடுவாள். லாரிகள் மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்பதால் காலையெல்லாம் பிள்ளை பிச்சைமுத்துவிடம்தான். தன் கையால்தான் ஊட்டினான். ஆசையாகத்தான் ஊட்டினான்.

பிள்ளைக்கு இரண்டு வயது தாண்டியது. பக்கத்து வீட்டு ரங்கம்மாளின் பெண் இவனுக்குப் பிறகு பிறந்தவள், எக்கிக் கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுவிட்டாள். தெய்வசிகாமணி வாசற்படியில் கைவைத்து ஏறிக்கொண்டிருந்தான். "அப்பன அப்படியே உரிச்சி வச்சிருக்கான் பாரு" என்று ரங்கம்மாள் கொஞ்சினாள். அவள் ஆசையாகச் சொன்னதுதான். ஆனால் பிச்சைமுத்துவுக்கு அது செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. என்னிடம் இருந்த ஒரே குறையை என் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தான். அதற்குமேல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நிற்பதையும் விட்டுவிட்டான். இரண்டு குள்ளன்களை ஊர் சேர்த்துப் பார்க்கவேண்டாமே.

ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருந்த பால்வாடியில் ஜெயம்மாள் என்று ஒரு டீச்சர். பிள்ளைகளை எடை பார்ப்பதும் சத்துமாவு கொடுப்பதும் அவள் வேலை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டையெல்லாம் அவள் தேடிப் போவாள். அப்படித்தான் ஒருநாள் காலையில் பிச்சைமுத்து வீட்டுக்கும் வந்தாள்.

"உங்க பையன பால்வாடி பக்கமே காணோமே? தூக்கிக்கினு வாங்க, எடை பாக்கணும்."

"அவன் அவங்க அம்மா ஊருக்குப் போயிருக்கறான் டீச்சரம்மா" என்றான் பிச்சைமுத்து. பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பால்வாடியில் எடை பார்ப்பது எப்படி என்று தெரியும். தொங்கும் தராசில் பிள்ளையை உட்காரவைப்பார்கள். சுற்றிலும் பெண்கள் நிற்பார்கள். யாருடைய பிள்ளை என்று கேட்பார்கள். ஆழாக்கு பிள்ளை என்று ஒருத்தி சொல்வாள். அவ்வளவுதான், சிரிப்பு கிளம்பிவிடும். தன்னைப் பார்த்துச் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், பழகிவிட்டது. பிள்ளை தராசில் தொங்கும்போது சிரிப்பார்களே, அதை எப்படித் தாங்குவது?

ஜெயம்மாள் விடவில்லை. மறுபடி மறுபடி வந்தாள். ஒருநாள் அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் பிச்சைமுத்து பிள்ளையைத் தூக்கி, மூலையில் அடுக்கியிருந்த காலிச் சாக்குகளுக்குப் பின்னால் உட்காரவைத்தான். "சத்தம் போடாம குந்திக்கினு இரு கண்ணு" என்றான். வாசலில் நின்று, இன்னும் ஊரிலிருந்து வரவில்லை என்று சொன்னான். ஜெயம்மாள் தெருவில் நின்றபடியே நிறைய பேசினாள். முட்டை கொடுக்கிறோம் என்றாள், மாவு கொடுக்கிறோம் என்றாள், மாசக் கடைசிப் புதன்கிழமை டாக்டரம்மா வருகிறார் என்றாள். கண்ணகியிடம் கட்டாயம் சொல்லச் சொன்னாள். அவ்வளவு நேரமும் சாக்குக்குப் பின்னாலிருந்து ஒரு முனகல் இல்லை. வைத்தது வைத்த இடத்தில் இருந்தான் பிள்ளை. என்ன புத்தி, என்ன அடக்கம் என்று அப்பனுக்குப் பெருமை! அந்த வயதுப் பிள்ளை அப்படிச் செத்தவன்போல் உட்கார்ந்திருக்கலாமா என்று அந்த மடையனுக்குத் தோன்றவில்லை.

கண்ணகியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளே ஒருநாள் கேட்டாள். "ஏங்க, கொட்டாயில எல்லாம் பேசிக்கறாங்க. பால்வாடி டீச்சர் வூடு வூடா வருதாமே? நம்ம வூட்டுக்கு மட்டும் ஏன் வர்ல?"

"அது அவுங்க தெரு ஆளுங்களத்தான் பாக்கும். நம்மள மாதிரி கூலிக்காரன் வூட்டுப் படிய எங்க மிதிக்கப்போவுது?"

"அப்படியா சேதி!" என்று கண்ணகி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "அவ்ளோ ஒசத்தியா அவங்க? கூப்புடாத எடத்துக்கு நாம ஏன் போவணும்? எம்புள்ளைக்கு அவங்க மாவும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்." அன்றுமுதல் சந்தையில் ஜெயம்மாளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போக ஆரம்பித்தாள். ஜெயம்மாள் ஏன் என்று தெரியாமல் நின்றிருப்பாள். பிச்சைமுத்து இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் மலைமேலிருந்து சேதி வந்தது. வெள்ளிமலையில் இருக்கும் அவன் தம்பி தங்கதுரை, தன் ஒன்றரை வயதுப் பையனுக்குக் காது குத்துகிறான். பெரியப்பன் போகாமல் இருக்க முடியாது.

தங்கதுரையைப் பற்றிச் சொல்லவேண்டும். கூடப்பிறந்த தம்பிதான். கைப்பிள்ளையாக இருந்தபோதே சின்னம்மா ஆயம்மாள் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தாள். அவளும் அவள் புருஷனும் வெள்ளிமலையில் உப்பும் புளியும் விற்கப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், பிள்ளை இல்லாதவர்கள். தங்கதுரை அண்ணனைவிட ஒரு தலை உயரம். பார்க்கிறவர்கள் நம்பமாட்டார்கள். அதற்கு பிச்சைமுத்துவிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. "அவன் எங்க மாமன் முனியன் சாடை. நான் எங்கப்பன் சாடை." முனியன் மாமனை அவன் பார்த்ததே இல்லை, எப்போதோ செத்துப்போனவர். யாரோ சொல்லிக் கேட்டதா, தானாகவே கட்டிக்கொண்டதா என்று அவனுக்கே நினைவில்லை. ஆனால் அதைச் சொல்லிக்கொண்டால் மனசு கொஞ்சம் ஆறும்.

தங்கதுரை வீட்டு வாசலில் ஓலைப்பந்தல் போட்டிருந்தார்கள். தாய்மாமன் வீரமுத்து பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இரண்டு பிள்ளைகள் மண்ணில் நின்றிருந்தன, தங்கதுரையின் பையனும் தெய்வசிகாமணியும். காது குத்த வந்த ஆசாரி அந்த ஊருக்குப் புதிது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டில் சின்னதைப் பார்த்துக் கையைப் பிடித்து இழுத்தார், மாமன் மடியில் உட்காரவைத்தார். வீரமுத்து யாரிடமோ பேசிக்கொண்டிருந்ததில் கவனிக்கவில்லை. காது மடலைத் துடைத்து ஊசியையும் எடுத்துவிட்டார். பிள்ளை வாய் திறக்கவில்லை.

"ஐயையோ, அது எம்புள்ள இல்லீங்க!" என்று தங்கதுரையின் பெண்டாட்டி அமிர்தம் ஓடிவந்தாள்.

ஆசாரி திகைத்துப்போனார். "ஒன்றர வயசுப் புள்ளைக்குன்னு சொன்னீங்க. இதுதானம்மா ரெண்டுல சின்னது?"

பந்தல் கொல்லென்று சிரித்தது. வீரமுத்துவும் சிரித்துக்கொண்டே மடியில் இருந்தவனின் தலையைத் தடவி, "இந்தக் குட்டிக்கு இன்னா வயசு?" என்று கேட்டான்.

கண்ணகிதான் சொன்னாள். "மூணு ஆவப்போவுதுங்க."

சிரிப்பு சட்டென்று நின்றது. ஒருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிரிப்பைத் தாங்கப் பழகியிருந்த பிச்சைமுத்துவுக்கு இந்த நிசப்தத்தை எப்படித் தாங்குவதென்று தெரியவில்லை. பிள்ளையை வெடுக்கென்று மடியிலிருந்து தூக்கிக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாக, "இதுக்கு இன்னா பண்றது? எங்க வம்சம் அப்படி! எந்தம்பி முனியன் மாமன் மாதிரி வளந்துட்டான். நான் வளர்ல. எம்புள்ளயும் என்ன மாதிரி. ரத்தத்த மாத்த முடியுமா?" என்று கத்தினான்.

பந்தக்காலில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆயம்மாள் நிமிர்ந்தாள். "ஆரு மாதிரி?"

"முனியன் மாமன் மாதிரி."

"அட கிறுக்கா, எங்கூடப் பொறந்தவன எனுக்குத் தெரியாதா? முனியன் உன்னவிட குட்டடா. உன் தோளுக்கு வருவான். எங்க வூட்ல ஆரு நெட்ட? உங்கம்மா குட்ட, நான் குட்ட."

"அப்ப தங்கதுரை?"

ஆயம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். பேச்சில் வேகம் குறைந்திருந்தது. "உங்கம்மா மஞ்சக்காமாலையில கெடந்தா. பஞ்ச காலம். உங்கப்பன் வேல தேடி எங்கியோ போயிட்டான். நீங்க ரெண்டு பேரும் குச்சி குச்சியா கால வச்சிக்கினு கஞ்சித் தண்ணிக்கு அழுதுக்கினு இருந்தீங்க. உனுக்கு ரெண்டர வயசு, இவன் கைப்புள்ள. அப்ப ஏதுடா ரோடு, ஏது பஸ்ஸு? நடந்துதான் மல ஏறணும். ரெண்டு பேரையும் தூக்க எனுக்குத் தெம்பு இல்ல. இவன் கனம் கம்மியா இருந்தான், தூக்கிக்கினு வந்துட்டேன். இங்க மாடு கறந்திச்சு, சாமையும் மொச்சையும் வெளஞ்சிது. தின்னான், வளந்தான். அங்க உனுக்கு ஆரு குடுத்தாங்க?"

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டான். தான் வளர்ந்ததற்கே வெட்கப்படுகிறவன் போல நின்றான்.

ஆயம்மாள் தெய்வசிகாமணியின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "இவனுக்கு இன்னாடி குடுக்கற?" என்று கண்ணகியைக் கேட்டாள்.

"ஜவ்வரிசிக் கஞ்சி."

"அப்பறம்?"

கண்ணகி பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டாள். சொல்வதற்கு வேறு ஒன்றும் இல்லை. அவள் முகம் செத்துப்போய்விட்டது.

மலை இறங்குகிற பஸ்ஸில் ஏறினார்கள். பிள்ளை கண்ணகி மடியில் தூங்கினான். பிச்சைமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரத்தம் என்று இருந்தவரை அவனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. அது கடவுள் கொடுத்தது, யாரும் கேள்வி கேட்க முடியாது. குள்ளனாகப் பிறந்ததற்கு வெட்கப்படலாமே தவிரக் குற்றவாளி ஆகமுடியாது. இப்போது அந்தச் சௌகரியம் போய்விட்டது. தனக்கு யாரும் கொடுக்கவில்லை, சரி. தன் பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்று ஒருத்தி வாசலுக்கே வந்தாளே! அவளைத் திருப்பி அனுப்பியது எந்த ரத்தம்? நினைக்க நினைக்க அவனுக்குத் தன் முகத்தைக் கழற்றி எங்காவது வைத்துவிடலாம் போல் இருந்தது.

வீடு வந்ததும், "வர்ற புதங்கெழம பால்வாடிக்கு டாக்டரம்மா வருதாம். தூக்கிக்கினு போலாம்" என்றான்.

"உங்களுக்கு ஆரு சொன்னா?"

"மில்லுல பேசிக்கினாங்க" என்றான். பாருங்கள், அப்போதும் பொய்தான் வந்தது.

புதன்கிழமை பால்வாடியில் நல்ல கூட்டம். பிச்சைமுத்துதான் பிள்ளையைத் தூக்கிவந்தான். ஜெயம்மாள் அவனைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. "வாடா ராசா" என்று பிள்ளையை வாங்கி எடை பார்த்தாள், சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பெண்களும் அவரவர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்குப் பயந்து ஒளித்து வைத்தானோ அது அங்கே இல்லவே இல்லை.

டாக்டரம்மா பிள்ளையின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், என்ன சாப்பாடு என்று கேட்டார். கண்ணகி சொன்னாள்.

"ஜவ்வரிசி வயித்த ரொப்பும்மா, பிள்ளைய வளக்காது. பருப்பு, முட்டை, கீரை, எல்லாம் குடுக்கணும்."

"நான் குட்டையா இருக்கறதால இல்லீங்களா?" என்று பிச்சைமுத்து கேட்டான். இன்னும் ஒரு மூலையில் அந்த ஆசை இருந்தது.

"அப்பா உயரமும் கொஞ்சம் சேரத்தான் செய்யும். ஆனா அதுக்காக ஒரு குழந்தை இவ்வளவு பின்தங்காதுப்பா. இப்ப இருந்து நல்லா குடுத்தா வளருவான், நிச்சயமா வளருவான். ஆனா போனது எல்லாம் திரும்பாது. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கலாம் இல்லையா? ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

அந்தக் கேள்விதான் கண்ணகியைக் கிளப்பிவிட்டது. வெள்ளிமலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் ஒரேயடியாகக் கோபமாக வந்தது. அவள் ஜெயம்மாள் பக்கம் கையை நீட்டினாள்.

"இவங்களக் கேளுங்க டாக்டரம்மா! எல்லார் வூட்டுக்கும் போனாங்க, எங்க வூட்டுப் படிய ஒருநாள் மிதிச்சாங்களா? கூலிக்காரின்னா எளக்காரம்! வந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் எம்புள்ளைய இப்படி வுட்டிருப்பனா? எம்புள்ள வளத்திய இவங்கதான் முழுங்கிட்டாங்க!"

டாக்டரம்மா முகம் கடுத்து ஜெயம்மாளைப் பார்த்தார். "என்ன இது? அந்த வீட்டுக்கு நீங்க போகவே இல்லையா?"

ஜெயம்மாள் பிச்சைமுத்துவைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு தன் சேலை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். சொல்லமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பெண்டாட்டி முன்னால் அவள் புருஷனைக் காட்டிக்கொடுக்க அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் அவள் தலையோடு போய்விடும். நின்றான். கண்ணகி இன்னும் ஏசிக்கொண்டிருந்தாள். நிற்கத்தான் பார்த்தான். ஆனால் வார்த்தை தானாக வெளியே வந்துவிட்டது.

"வந்தாங்க."

கண்ணகி திரும்பினாள். "ஆரு?"

"டீச்சரம்மா வந்தாங்க. நெறைய வாட்டி வந்தாங்க. நான்தான் புள்ள ஊருக்குப் போயிருக்கறான்னு சொல்லி அனுப்பிட்டேன். சாக்குக்குப் பின்னாடி குந்த வச்சிட்டு பொய் சொன்னேன். உங்கிட்டயும் சொல்லல. என்னாலதான் குள்ளமா பொறந்துட்டான்னு ஊரு சிரிக்குமேன்னு…"

அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். இந்தமுறை அவன் உயரத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

கண்ணகி அவனைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான். அவளோ பிள்ளையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஜெயம்மாளிடம் போனாள். அவ்வளவு உயரமான பொம்பளை, அத்தனை பேர் நடுவில், பிள்ளையோடு அப்படியே மடிந்து அவள் காலைத் தொட்டாள். "தெரியாம வாய வுட்டுட்டேன்க்கா, மன்னிச்சிருங்க" என்றாள். ஜெயம்மாள் பதறிப்போய், "எழுந்திரும்மா, எழுந்திரு" என்று தோளைப் பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் அழுதார்கள்.

அந்தக் காலில் யார் விழுந்திருக்கவேண்டும் என்று பிச்சைமுத்துவுக்குத் தெரியும். விழவேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் முழங்கால் மடங்கவில்லை. அவன் நின்றுகொண்டே இருந்தான்.